கை நோகுது என்றால் பஞ்சி என்கிறோமே: ஒரு வலியின் 300 வருட வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க நேரமில்லை என்றால் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். ஃபோனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதே கையின் பெருவிரலால் தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டாம், மேசையில் வைத்து வாசியுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

போன வருடம் உயர்தர வகுப்புக்கு வரலாறு பாடத்தில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தேன். வகுப்பில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை, எழுத வேண்டிய விடைகளில் பாதியை எழுதிவிட்டு விடைத்தாளைக் கட்டித் தந்துவிட்டாள்.

"ஏன் மகள், மற்றதெல்லாம் தெரியாதா?"

"தெரியும் சேர். கை விறைக்குது. பேனையப் பிடிக்க ஏலாம இருக்கு."

"எழுதப் பஞ்சி என்டு சொல்லுங்களே" என்றேன் நான்.

வகுப்பே சிரித்தது. அவளும் தலையைக் குனிந்து சிரித்தாள். அதைப் பார்த்து நானும் அந்த விசயத்தை மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய உம்மா வந்திருந்தார். எல்லோரும் போகும்வரை ஒரு ஓரமாக நின்றுவிட்டு, பிறகு கிட்ட வந்து சொன்னார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த காலத்தில் பிள்ளை ஒரு கொமினிகேஷன் கடையில் டைப்பிங் வேலைக்குப் போயிருக்கிறாள். உயர்தரம் தொடங்கிய பிறகும் சனி, ஞாயிறு போகிறாள். வீட்டில் அந்தக் காசு தேவை. "ராவைக்கு எழும்பி உக்காந்து கைய உதறிக்கிட்டு இருக்கா சேர். ஃபோன் பாத்துப் பாத்துத்தான் இப்புடி என்டு நானும் ஏசிட்டன்" என்றார் அந்தத் தாய்.

நான் ஏசினேன், உம்மா ஏசினார், கடைக்காரரும் ஏசியிருப்பார். அவளிடம் என்ன வேலை செய்கிறாய், எத்தனை மணித்தியாலம் செய்கிறாய், எப்படி உட்கார்ந்து செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் வைத்தியன் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் தேடினேன். கை நோவுக்கு ஒரு வரலாறு இருக்குமா என்று பார்த்தால், 300 வருட வரலாறு இருக்கிறது. அதில் அந்தப் பிள்ளையும் இருக்கிறாள், வகுப்பில் நக்கல் அடித்த என்னைப் போன்றவர்களும் இருக்கிறார்கள்.

1. "என்ன தொழில் செய்கிறீர்கள்?"

இத்தாலியில் பேர்னார்டினோ ரமசீனி என்றொரு வைத்தியர் இருந்தார். 1633இல் பிறந்தவர். மொடேனா நகரில் மலக்குழி துப்புரவு செய்யும் ஒரு தொழிலாளியைக் கண்டு, இந்த வேலை இவருடைய கண்ணை என்ன செய்கிறது என்று யோசிக்கத் தொடங்கியதுதான் அவருடைய ஆராய்ச்சியின் ஆரம்பம். 1700ஆம் ஆண்டு தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்பு வைத்தியர்கள் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு, "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர். இன்று தொழில்சார் மருத்துவம் என்ற துறையின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

1713இல் அந்த நூலை விரிவாக்கி மீண்டும் வெளியிட்டபோது எழுத்தர்களைப் பற்றியும் ஒரு அத்தியாயம் சேர்த்தார். நாள் முழுக்க இறகுப் பேனையால் கணக்கும் பத்திரமும் எழுதியவர்கள் அவர்கள். அவர்களுடைய நோவுக்கு மூன்று காரணம் சொன்னார். ஒன்று, அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது. இரண்டு, கை ஒரே திசையில் ஓயாமல் அசைவது. மூன்று, பிழை விடக்கூடாது, கணக்குத் தப்பக்கூடாது என்ற மன அழுத்தம்.

இந்த மூன்றையும் இன்றைய ஒரு டேட்டா என்ட்ரி பிள்ளைக்குப் பொருத்திப் பாருங்கள். ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை.

ரமசீனி தனக்குத் தெரிந்த ஒரு எழுத்தரின் கதையையும் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் எழுதியவர். முதலில் வலக்கை சோர்ந்தது, எந்த மருந்துக்கும் குணமாகாமல் கடைசியில் செயலிழந்தது. அந்த மனிதர் விடவில்லை, இடக்கையால் எழுதப் பழகினார். கொஞ்சக் காலத்தில் அதே வருத்தம் இடக்கைக்கும் வந்துவிட்டது.

வலக்கையில் இருந்தபோது கைக்குத்தான் பலவீனம் என்று சொல்லியிருக்கலாம். இடக்கைக்கும் வந்தபோது வேலையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

2. இறகு போய் உருக்கு முனை வந்தது

இறகுப் பேனையில் ஒரு நன்மை இருந்தது. அடிக்கடி முனை மழுங்கும். எழுதுகிறவர் நிறுத்தி, கத்தியை எடுத்து, முனையைச் சீவ வேண்டும். அந்த ஒரு நிமிடம் விரல்களுக்கு ஓய்வு.

1820கள், 30களில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் உருக்குப் பேனா முனைகளை இயந்திரத்தால் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கினார்கள். மலிவு. சீவத் தேவையில்லை. ஆனால் இறகு போல வளைந்து கொடுக்காது, இறுக்கிப் பிடிக்க வேண்டும், நிறுத்தாமல் எழுதலாம். அதே காலத்தில்தான் அரச அலுவலகங்களும் வங்கிகளும் பெருகின. நகலெடுக்க வேண்டிய கடிதங்களும் பெருகின.

1830களில் சார்ள்ஸ் பெல் போன்ற வைத்தியர்கள் "எழுத்தாளர் பிடிப்பு" பற்றி எழுதத் தொடங்குகிறார்கள். மற்ற எல்லா வேலையும் செய்யும் கை, பேனையை எடுத்தால் மட்டும் இழுத்துப் பிடிக்கிறது. 1864இல் சாமுவேல் சொலி என்ற லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் இதைப் பற்றியே விரிவுரை செய்தார். அந்தப் பிடிப்பு மூளை, நரம்போடு சம்பந்தப்பட்ட தனி நோய், இன்று நாம் சொல்லும் மணிக்கட்டு நோவும் அதுவும் ஒன்றல்ல என்று இன்றைய வைத்தியர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆனால் அன்றைக்கு எல்லாம் ஒரே பெயருக்குள்தான் கிடந்தது.

அந்தக் காலத்துப் பெரிய நரம்பியல் வைத்தியர் வில்லியம் கவர்ஸ் ஒரு நல்ல விசயத்தைக் கவனித்தார். மணிக்கட்டையோ சின்ன விரலையோ மேசையில் ஊன்றிக்கொண்டு விரல்களை மட்டும் அசைத்து எழுதுகிறவர்களுக்குத்தான் இந்த வருத்தம் அதிகம். தோளிலிருந்து முழுக்கையையும் அசைத்து எழுதுகிறவர்களுக்குக் குறைவு.

ஆசிரியர் கலாசாலையில் கரும்பலகையில் எழுதப் பழக்கியபோது, "மணிக்கட்டால எழுதாதீங்க, தோளால எழுதுங்க" என்று எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்லிச் சொல்லியே களைத்துப் போனார். அழகான எழுத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

3. தந்தியும் "கண்ணாடிக் கை"யும்

1844இல் அமெரிக்காவில் மோர்ஸின் தந்தி வந்தது. இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் 1858இல் தந்தி இணைப்பு வந்தது. தந்தி அடிப்பது என்றால் ஒரு சின்னக் கட்டையை விரலாலும் மணிக்கட்டாலும் மேலும் கீழும் அழுத்திக்கொண்டே இருப்பது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை.

1875இல் ஒனிமுஸ் என்ற பிரெஞ்சு வைத்தியர் தந்தியாளர்களின் கைப்பிடிப்பைப் பற்றி எழுதினார். அமெரிக்கத் தந்தியாளர்கள் இதற்கு வைத்த பெயர் "கண்ணாடிக் கை". தொட்டால் உடைந்துவிடும் என்பது போல.

பிரித்தானியாவில் தந்தியாளர்கள் விடாமல் கோரிக்கை வைத்து, 1908இல் இது நட்டஈடு பெறத்தக்க தொழில்நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் பட்டியலில் சேர்ந்த பிறகு முறைப்பாடுகள் குவிந்தன. அரசு ஒரு குழுவை நியமித்தது. 1911இல் குழு அறிக்கை தந்தது. திரும்பத் திரும்ப ஒரே வேலை செய்த களைப்பு ஒரு காரணம் என்று ஒத்துக்கொண்டார்கள். மற்றக் காரணம் என்ன தெரியுமா? தந்தியாளரின் "நரம்புத் தளர்ச்சி". அதாவது அந்த ஆளுடைய சுபாவமே பலவீனமானதாம்.

நான் வகுப்பில் சொன்ன "பஞ்சி" என்ற சொல்லை 1911இல் லண்டனில் கண்ணியமான ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வேறொரு வழி நடந்தது. ஹொரஸ் மார்ட்டின் என்பவர் 1900களின் தொடக்கத்தில் "வைப்ரோபிளெக்ஸ்" என்றொரு புதிய தந்திக் கட்டை செய்தார். மேலும் கீழும் அழுத்தத் தேவையில்லை, பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் புள்ளிகள் தானாகவே அதிர்ந்து விழும். கை நொந்த பலர் அதை வாங்கித்தான் வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு பக்கம் ஆளைக் குறை சொன்னார்கள், மறு பக்கம் ஒருவர் கருவியை மாற்றிப் பார்த்தார். நமக்கு எது பாடம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

4. டெனிஸ் விளையாடாதவரின் டெனிஸ் முழங்கை

முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வரும் நோவை "டெனிஸ் எல்போ" என்று சொல்வார்கள். கேத்தலைத் தூக்க முடியாது, கதவுப் பிடியைத் திருக முடியாது, துணி பிழிய முடியாது. வைத்தியர் இந்தப் பெயரைச் சொன்னால் நம் ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். "நான் எங்க சேர் டெனிஸ் விளையாடினேன்?"

உண்மையில் இந்த நோவை வைத்திய உலகில் முதலில் விவரித்தது 1873இல் ருங்கே என்ற ஜேர்மன் வைத்தியர். எந்தக் கட்டுரையில் தெரியுமா? எழுதுகிறவர்களின் கைப்பிடிப்பைப் பற்றிய கட்டுரையில்! பத்து வருடம் கழித்து, 1883இல், இங்கிலாந்தில் புல்தரை டெனிஸ் பிரபலமாக இருந்த காலத்தில் ஒரு மருத்துவ இதழில் "லோன் டெனிஸ் எல்போ" என்ற தலைப்பு வந்தது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேசையில் எழுதினவனின் நோ, மைதானத்தில் விளையாடினவனின் பெயரை எடுத்துக்கொண்டது.

அந்தப் பிள்ளைக்கு இருந்தது வேறு. மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சின்னச் சுரங்கம் இருக்கிறது. கீழே எலும்பு, மேலே தடித்த நார். அதற்குள்ளால் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நசுங்குவது நரம்புதான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி, இவை விறைக்கும். இரவில் கூடும். கையை உதறினால் கொஞ்சம் சுகம். ஆங்கிலத்தில் "கார்பல் டனல் சின்ட்ரோம்" என்பார்கள்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் பட்னம் என்ற வைத்தியர் 1880இலேயே, இரவில் கை விறைத்து எழும்பும் 37 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் பெரும்பாலானோர் பெண்கள். 1950களில் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ஜோர்ஜ் ஃபேலன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர்தான் இந்த நோயை எல்லா வைத்தியர்களுக்கும் தெரியவைத்தார். அவர் இது தொழிலால் வருவதில்லை என்று நம்பினார். காரணம், அவரிடம் வந்தவர்களில் அதிகமானோர் நடுத்தர வயதுப் பெண்கள், கையால் பாரமான வேலை செய்யாதவர்கள் என்று அவர் கருதினார்.

துணி துவைப்பது, தேங்காய் துருவுவது, மாவு குழைப்பது, தையல் மெசினில் இருப்பது, பிள்ளையைத் தூக்குவது. இதெல்லாம் வேலை இல்லையா என்று நம் உம்மாமார் கேட்பார்கள்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். கீபோர்ட் அடிப்பதால் மட்டும் இந்த நரம்பு நசுங்குகிறதா என்பதில் வைத்தியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2001இல் மேயோ கிளினிக் ஆய்வில், அதிகம் கணனி பாவிப்பவர்களுக்கும் பொதுமக்களுக்கும் இந்த நோய் வரும் அளவில் பெரிய வித்தியாசம் காணவில்லை. பலமாக இறுக்கிப் பிடிக்கும் வேலை, அதிரும் இயந்திரங்கள், சீனி வருத்தம், தைரொயிட், கர்ப்ப காலம், இவை ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது தெளிவு. கணனியில் வருவது பெரும்பாலும் தசைநாண், தசை நோவும் முழங்கை நோவும். ஆகவே கை விறைக்கிறது என்றால் "கொம்பியூட்டர்தான்" என்று நாங்களே முடிவு கட்டாமல், வைத்தியரிடம் காட்டி இரத்தத்தில் சீனியும் பார்ப்பது நல்லது.

5. நிறுத்தத் தேவையில்லாத இயந்திரம்

1870களில் ரெமிங்டன் நிறுவனம் தட்டச்சு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய தட்டச்சில் விரலுக்குப் பலம் தேவை. ஆனாலும் வரி முடிந்தால் கையை நீட்டி நெம்பைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாள் மாற்ற வேண்டும். காபன் வைக்க வேண்டும். பிழை விட்டால் அழிக்க வேண்டும். இறகைச் சீவும் ஓய்வு போலவே இதுவும் ஓய்வுதான்.

கணனி இந்த ஓய்வுகளையெல்லாம் எடுத்துவிட்டது. அதை முதலில் அனுபவித்தவர்களில் ஜப்பானியப் பெண்கள் இருக்கிறார்கள். 1960 அளவில் அங்கே வங்கிகளிலும் கம்பனிகளிலும் அட்டைகளில் துளையிட்டுத் தரவு பதியும் வேலையில் இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கை, தோள், கழுத்து நோவு பரவியது. ஜப்பான் தொழில் அமைச்சு 1964இல் வழிகாட்டல் வெளியிட்டது. ஒரு நாளைக்கு 5 மணித்தியாலத்துக்கு மேல் இந்த வேலை கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் ஓய்வு. ஒரு நாளைக்கு 40,000 தட்டலுக்கு மேல் கூடாது.

1964! நம் ஊர்க் கொமினிகேஷன் கடைகளில் இன்றைக்கும் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று யோசியுங்கள்.

அடுத்தது அவுஸ்திரேலியா. 1980களின் தொடக்கத்தில் அலுவலகங்களுக்குக் கணனித் திரைகள் வந்தன. வேகத்தை இயந்திரமே எண்ணியது. வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அரச தொலைத்தொடர்பு நிறுவனத்தில் மட்டும் 1981 முதல் 1985 வரை ஏறக்குறைய 4,000 பேர் கை நோவென்று முறையிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். பத்திரிகைகளும் ஆட்களும் இதற்கு "கங்காரு பாதம்" என்று நக்கல் பெயர் வைத்தார்கள். நட்டஈட்டுக்காக நடிக்கிறார்கள் என்றார்கள். சில வைத்தியர்கள் இது கையில் இல்லை, மனதில் இருக்கிறது என்றார்கள். 1987இல் ஒரு பெண் ஊழியர் தொடுத்த வழக்கு நீதிமன்றத்தில் தோற்றது. அதன் பிறகு முறைப்பாடுகளும் விழுந்துவிட்டன.

இதைப் பார்த்து "பொய் என்றபடியால்தானே நின்றது" என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அதே காலத்தில் கதிரைகள் மாறின, வேலை நேரத்துக்கு இடையில் ஓய்வு வந்தது, புதிய இயந்திரங்கள் மீதான பயமும் தெளிந்தது. மனமும் இதில் சம்பந்தப்பட்டது என்பது உண்மைதான். ரமசீனி 1713இலேயே மூன்றாவது காரணமாக அதைச் சொல்லிவிட்டார். ஆனால் மன அழுத்தம் வலியைக் கூட்டுகிறது என்பது ஒன்று, வலியே பொய் என்பது வேறொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் நிறையப் பேர் அவமானப்பட்டார்கள்.

ஐரோப்பா 1990இல் ஒரு பணிப்புரை கொண்டுவந்தது. திரைக்கு முன்னால் வேலை செய்கிறவர்களுக்கு இடைவேளை கொடுக்க வேண்டும், விசைப்பலகை திரையிலிருந்து பிரிந்து தனியாக இருக்க வேண்டும், கதிரையின் உயரத்தை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். 1993இலிருந்து பிரித்தானியாவிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதே 1993இல் லண்டனில் ஒரு நீதிபதி, இந்த நோயின் பெயருக்கே அர்த்தமில்லை என்று ஒரு பத்திரிகையாளரின் வழக்கைத் தள்ளுபடி செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் ஒரு கையால் தந்ததை மறு கையால் எடுத்தது.

6. மவுஸ், மடிக்கணனி, ஃபோன்

1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் உலகத்துக்கு மவுஸைக் காட்டினார். முதலில் செய்தது மரப்பெட்டி. 1984இல் மெக்கின்டோஷ் வந்த பிறகு அது வீட்டுக்குள்ளும் வந்தது. அதோடு, இரண்டு கையும் பகிர்ந்து செய்த வேலையின் பெரும் பங்கு வலக்கையின் ஒரு விரலுக்கும் மணிக்கட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

மடிக்கணனி இன்னொரு விசயம் செய்தது. திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கிறது. திரையை உயர்த்தினால் கை உயர்கிறது. கையைத் தாழ்த்தினால் கழுத்து குனிகிறது. 1990இல் ஐரோப்பா "பிரிந்திருக்க வேண்டும்" என்று சொன்னதைத்தான் நாங்கள் மறுபடி ஒட்டி வைத்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடின. எனக்கும் ஒரு மடிக்கணனி, ஒரு பிளாஸ்டிக் கதிரை, சாப்பாட்டு மேசை. இரவு பகலாகப் பயிற்சித்தாள் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான்காவது மாதம் வலது முழங்கையில் பிடித்தது. வெந்நீர்ப் போத்தலின் மூடியைத் திருக முடியவில்லை. என் மனைவிதான் திருகித் தந்தார். அப்போது ஒருவரும் என்னைப் பஞ்சி என்று சொல்லவில்லை. "பாவம் சேர், பிள்ளைகளுக்காகக் கஷ்டப்படுறார்" என்றார்கள். அதே நோவு ஒரு ஆசிரியருக்கு வந்தால் தியாகம், ஒரு மாணவிக்கு வந்தால் சாட்டு. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

ஃபோனுக்கு வருவோம். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வரும் நோவை 1895இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிட்ஸ் டி குவெர்வேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் விவரித்தார். குழந்தை பெற்ற தாய்மாருக்குப் பிள்ளையைத் தூக்கித் தூக்கி வருவது இதுதான். இன்று பெருவிரலால் மணிக்கணக்கில் தள்ளுகிறவர்களுக்கும் அதே இடம் நோகிறது. ஆரம்பத்தில் மேசையில் வைத்து வாசியுங்கள் என்றது இதற்காகத்தான்.

7. சரி, என்ன செய்யலாம்?

இந்த 300 வருடத்திலும் சுகம் தந்தவை இரண்டே விசயம். இடையில் நிறுத்துவது, கருவியையும் இருக்கையையும் கைக்கு ஏற்ப மாற்றுவது. காசு அதிகம் தேவையில்லை.

• மணிக்கட்டு நேராக இருக்கட்டும். மேலேயும் மடியக்கூடாது, பக்கத்துக்கும் வளையக்கூடாது. விசைப்பலகையின் பின்பக்கக் கால்களை மடித்துவிடுங்கள், உயர்த்தி வைப்பதால் மணிக்கட்டு மேலே மடிகிறது.

• முழங்கை உடம்போடு ஒட்டி, ஏறக்குறைய நேர்கோணத்தில் இருக்கட்டும். மேசை உயரம் என்றால் கதிரையில் தலையணை வையுங்கள், கால் தொங்கினால் கீழே ஒரு பலகை போடுங்கள்.

• மேசை விளிம்பில் மணிக்கட்டையோ முழங்கையையோ ஊன்றி அழுத்தாதீர்கள். முழங்கையை ஊன்றினால் சின்ன விரல் பக்கம் விறைக்கும், அங்கே வேறொரு நரம்பு போகிறது. விளிம்பு கூராக இருந்தால் ஒரு துவாயை மடித்துப் போடுங்கள்.

• மடிக்கணனியில் நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால், நாலைந்து பழைய பாடப்புத்தகத்தின் மேல் வைத்துத் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகையும் மவுஸும் கொழுவுங்கள். மவுஸ் விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கையை எட்டி நீட்ட வைக்காதீர்கள். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம்.

• அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழும்புங்கள். தண்ணீர் குடியுங்கள், தோளைச் சுழற்றுங்கள், விரலை விரித்து மூடுங்கள். இறகைச் சீவும் நேரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தில் ஃபோனை எடுத்தால் அது ஓய்வு இல்லை.

• முழங்கை நோ உள்ளவர்கள் பையை, வாளியை உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்காதீர்கள். உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடித்துத் தூக்குங்கள். முழுதாகக் கையை அசைக்காமல் கட்டி வைப்பதும் சரியில்லை, இயன்மருத்துவரிடம் போனால் மெதுவாகப் பலப்படுத்தும் பயிற்சி சொல்லித் தருவார். ஆற மாதக் கணக்காகும், பொறுமை வேண்டும்.

• இரவில் விறைத்து எழும்புகிறவர்களுக்கு மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டி ஒன்றை வைத்தியர் தருவார். தூங்கும்போது அதைப் போட்டாலே பலருக்குக் குறைகிறது.

இவை இருந்தால் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: விறைப்பு பகலிலும் போகாமல் இருப்பது, கையில் இருந்து கோப்பை நழுவி விழுவது, பெருவிரலின் அடிச்சதை மெலிவது, மூட்டு சிவந்து வீங்குவது, கழுத்திலிருந்து நோ இறங்குவது. நரம்பு கனகாலம் நசுங்கிக் கிடந்தால் பிறகு முழுதாகத் திரும்பாது. எண்ணெய் தடவி உருவினால் சரி வரும் என்று ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக

பெற்றோர் கூட்டம் முடிந்த அடுத்த கிழமை, அதே வகுப்பில், எல்லோரும் சிரித்த அதே இடத்தில் நின்று அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர்" என்றாள். அரச வைத்தியசாலையில் காட்டி, இரவில் பட்டி போடுகிறாள். வேலையை ஒரு நாளாகக் குறைத்திருக்கிறாள். நான் கடைக்காரரோடும் பேசினேன். நல்ல மனுசன், சண்டைக்கு வரவில்லை. "எனக்கும்தான் சேர் கை உளையிற, நான் வயசு போன என்டு நினைச்சன்" என்றார். இப்போது அங்கே திரைக்குக் கீழே ஒரு பெட்டியும், கதிரையில் ஒரு தலையணையும் இருக்கின்றன. பிள்ளைக்கு இன்னும் முழுதாகச் சுகமில்லை. ஆனால் போன தவணைப் பரீட்சையில் எல்லா விடையும் எழுதினாள், இடையிடையே பேனையை வைத்து வைத்து.

ஊரில் டைப்பிங் கடை, தையல் கடை, ஒன்லைன் வேலை நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்குக் கடை திறந்ததும், உங்களிடம் வேலை செய்கிற பிள்ளையின் கதிரையில் நீங்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மேசை அவளுடைய முழங்கைக்குச் சரியா, உங்கள் முழங்கைக்குச் சரியா என்று தெரியும்.

உடம்பு அமானிதம் என்று குத்பாவில் கேட்கிறோம். மற்றவருடைய பிள்ளையின் கையும் அமானிதம்தான்.

சக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று. இனி ஒரு பிள்ளை "கை நோகுது" என்றால், ரமசீனி சொல்லித் தந்த கேள்வியை முதலில் கேட்போம்: "என்ன வேலை செய்றீங்க மகள்?"

பதிலைக் கேட்ட பிறகு ஏசுவதா இல்லையா என்று யோசிப்போம்.